சாவு விழுந்த வீட்டில் ஈஸ்டர்: உயிர்த்தெழுதலின் சந்தோஷம் என்பது என்ன?

குமரி மாவட்டத்தில், குழித்துறைக்கு மேற்கே, களியக்காவிளைக்குப் போகும் சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி எங்கள் ஊர் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன், ஈஸ்டருக்கு முந்திய லெந்து என்னும் நோன்பு நாட்களின் நடுவில், என் மாமா இறந்துபோனார். ஓணச் சந்தையைக் கணக்கில் வைத்து நட்டிருந்த ஏத்தன் வாழைக்குத் தண்ணீர் திருப்பிவிடக் காலையில் விளைக்கு (தோட்டத்துக்கு) போனவர் திரும்பி வரவில்லை. தேடிப் போனவர்கள் முதலில் மண்வெட்டியைக் கண்டார்கள், அப்புறம் அவரைக் கண்டார்கள். அடக்கம் முடிந்து நான்கு வாரம் ஆவதற்குள் ஈஸ்டர் வந்துவிட்டது. சனிக்கிழமை மாலையில் மாமி ஆப்பத்துக்கு மாவு ஆட்டுவதைப் பார்த்த பக்கத்து வீட்டுப் பாட்டி, வேலியோரம் வந்து நின்று, “சாவு விழுந்த வீட்டில இந்த வருசம் பண்டிகை உண்டா மக்களே?” என்று கேட்டார். அவர்கள் வீட்டு வழக்கப்படி, துக்கம் நடந்தால் அந்த ஆண்டு முழுக்க ஓணமும் இல்லை, தீபாவளியும் இல்லை. ஆகவே அந்தக் கேள்வியில் குத்தல் எதுவும் இல்லை. உண்மையான திகைப்புத்தான் இருந்தது. மாமி மாவுக் கையோடு நிமிர்ந்து பார்த்து, “இது அவருக்க பண்டிகைல்லா பாட்டி, இதை எப்படி விடுவேன்” என்றார். சொல்லி முடிப்பதற்குள் அழுதும்விட்டார்.

அழுதுகொண்டே பண்டிகைக்கு மாவு ஆட்டுவது கிறிஸ்தவர்களுக்குப் பழகிப்போன காட்சி. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கோ அது முரணாகத் தெரியும். கிறிஸ்தவ வீட்டில் பிறந்தவர்களிலும், இது ஏன் என்று கேட்டால் சரியாகச் சொல்லத் தெரியாதவர்களே அதிகம். அந்தப் பாட்டியைப் போலக் கேட்கிறவர்களையும், பதில் தேடித் தடுமாறுகிற எங்களையும் மனத்தில் வைத்து, உயிர்த்தெழுதலின் சந்தோஷம் என்று திருச்சபை சொல்வது எதை என்பதை அடியிலிருந்து விளக்கிப் பார்க்கிறேன்.

முதலில் பெயரைப் பார்த்துவிடலாம். எங்கள் பகுதியில் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையார் இந்த நாளை உயிர்த்தெழுந்த பண்டிகை என்பார்கள். கத்தோலிக்கர் உயிர்ப்புப் பெருவிழா என்பார்கள். கேரள எல்லையான களியக்காவிளையைத் தாண்டினால் மலையாளத்திலும் ‘உயிர்ப்பு’ என்ற அதே சொல்லைக் கேட்கலாம். அதற்கு இரண்டு நாள் முந்திய வெள்ளிக்கிழமைக்குத்தான் பெயர் மாறுகிறது. இந்தப் பக்கம் அது பெரிய வெள்ளி அல்லது புனித வெள்ளி. அந்தப் பக்கம் துக்கவெள்ளி. எனக்குப் பிடித்தது எல்லைக்கு அப்பாலுள்ள பெயர்தான். ஞாயிற்றுக்கிழமையின் சந்தோஷம் துக்கத்தை அடுத்து, துக்கம் நடந்த இடத்துக்கு மிக அருகிலேயே தொடங்கியது என்பதை அது மறக்கவிடாது. சிலுவையில் அறைந்த இடத்தில் ஒரு தோட்டம் இருந்தது என்றும், கல்லறை அந்தத் தோட்டத்தில்தான் இருந்தது என்றும் நற்செய்தி நூலில் யோவான் எழுதுகிறார். பண்டிகையின் தேதி ஏன் ஆண்டுதோறும் மாறுகிறது என்றும் பலர் கேட்பார்கள். மார்ச் 21-ஆம் தேதியிலோ அதற்குப் பிறகோ வரும் முழுநிலவுக்கு அடுத்த ஞாயிறு என்பது கணக்கு. அதனால் அது மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் இடையில் எங்காவது விழும்.

இனி அந்த நாளில் சொல்லப்படும் செய்தி. பொந்தியு பிலாத்து என்ற ரோம ஆளுநரின் காலத்தில் எருசலேமில் சிலுவையில் அறையப்பட்டு இறந்த நாசரேத்தூர் இயேசு, மூன்றாம் நாள் உடலோடு எழுந்தார் என்பதுதான் அது. இதில் ‘உடலோடு’ என்ற சொல்லை விட்டுவிட்டால் செய்தியே வேறாகிவிடும். நல்லவர்களின் ஆன்மா அழிவதில்லை என்றோ, அவருடைய நினைவு சீடர்களின் மனத்தில் வாழ்ந்தது என்றோ மட்டும் சொல்லியிருந்தால் அந்தக் காலத்தில் யாரும் சண்டைக்கு வந்திருக்க மாட்டார்கள்; அப்படி நம்புகிறவர்கள் எல்லா ஊரிலும் இருந்தார்கள். நற்செய்தி நூல்கள் சொல்லும் கதையோ பிடிவாதமாக உடலைப் பற்றியே பேசுகிறது. லூக்கா எழுதியிருப்பதைப் பாருங்கள்: எழுந்தவர் சீடர்கள் நடுவில் வந்து நிற்கிறார், அவர்கள் ஆவியைக் கண்டதாக நினைத்துப் பயப்படுகிறார்கள், அவர் கையையும் காலையும் காட்டிவிட்டு, சாப்பிட ஏதாவது இருக்கிறதா என்று கேட்கிறார், பொரித்த மீன்துண்டு ஒன்றைக் கொடுக்கிறார்கள், அவர்கள் கண்முன்னே வாங்கிச் சாப்பிடுகிறார். மதத்தின் மிகப் பெரிய அறிவிப்பு நடக்கும் இடத்தில் ஒரு துண்டு மீன் இருப்பது, மீன் இல்லாமல் சோறு இறங்காத எங்கள் நாட்டில் யாருக்கும் விசித்திரமாகப் படாது.

இறந்தவர் பிழைத்தெழுவது வேறு, உயிர்த்தெழுதல் வேறு. இந்த வேறுபாட்டை விளக்க லாசருவின் கதை உதவும். எல்லைக்கு அப்பாலுள்ள தோமா கிறிஸ்தவர் வீடுகளில், குருத்தோலை ஞாயிறுக்கு முந்திய சனிக்கிழமையில் தேங்காயும் சர்க்கரையும் வைத்துக் கொழுக்கட்டை செய்வார்கள். அதனால் அந்த நாளுக்கே கொழுக்கட்டைச் சனி என்று பெயர். இறந்து நான்கு நாள் ஆன லாசருவை இயேசு கல்லறையிலிருந்து கூப்பிட்டதை நினைவுகூரும் நாள் அது. அந்த லாசரு கைகால்களில் பிரேதத் துணி சுற்றியபடியே வெளியே வந்தார். மற்றவர்கள்தான் கட்டை அவிழ்க்க வேண்டியிருந்தது. அவர் தம் பழைய வாழ்க்கைக்கே திரும்பினார்; பிற்பாடு எல்லாரையும்போல மறுபடியும் இறந்திருப்பார். இயேசுவின் கல்லறையிலோ சீலைகள் கிடந்தன என்றும், தலையில் சுற்றியிருந்த துணி தனியாக ஓரிடத்தில் சுருட்டி வைத்திருந்தது என்றும் யோவான் எழுதுகிறார். அந்தத் துணி இனி அவருக்குத் தேவைப்படாது. சாவிலிருந்து பின்வாங்கி வந்தவர் லாசரு. சாவுக்குள் நுழைந்து அதன் மறுபுறமாக வெளியேறியவர் இயேசு என்று சொன்னால் ஓரளவு பொருந்தும் என்று நினைக்கிறேன்.

அப்படியானால் ஒருவர் எழுந்தது என் மாமிக்கு எப்படி நல்ல செய்தியாகும்? இங்கேதான் பலருடைய விளக்கம் நின்றுபோகிறது. ஆதித் திருச்சபையின் அப்போஸ்தலரான பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய முதல் கடிதத்தில் இதற்கு ஒரு சொல்லைப் பயன்படுத்துகிறார்: முதற்பலன். “கிறிஸ்துவோ மரித்தோரிலிருந்தெழுந்து, நித்திரையடைந்தவர்களில் முதற்பலனானார்” என்பது பழைய மொழிபெயர்ப்பு. எங்கள் ஊர்க்காரர்களுக்கு இந்தச் சொல்லை அகராதி பார்த்து விளக்க வேண்டியதில்லை. அறுப்பின் பண்டிகையன்று ஆலய முற்றத்தில் நின்றால் போதும். முதலில் வெட்டிய ஏத்தங்குலை, முதல் குத்து மரச்சீனிக் கிழங்கு, மரத்திலிருந்து இறக்கிய முதல் சக்கை (பலாப்பழம்), கால் கட்டிய கோழி என்று வரிசையாக வந்துசேரும். ஆராதனை முடிந்ததும் ஏலம் நடக்கும். ஒருவர் முதற்குலையைச் சுமந்துவந்து ஆலயத்தில் வைக்கும்போது அந்த ஒரு குலைக்காக மட்டும் நன்றி சொல்வதில்லை. விளை தேறிவிட்டது, மீதமுள்ள குலைகளும் இதே மாதிரி முற்றிக்கொண்டிருக்கின்றன என்பதற்கு அதுவே சாட்சி. பவுல் காலத்து யூதர்களுக்கும் இதே பழக்கம் இருந்தது. அறுவடையின் முதற்கதிரை ஓய்வுநாளுக்கு மறுநாள் ஆண்டவர் முன்பாக அசைவாட்ட வேண்டும் என்பது லேவியராகமத்தின் 23-ஆம் அதிகாரத்தில் உள்ள கட்டளை. கல்லறை வெறுமையானதும் ஓய்வுநாளுக்கு மறுநாளில்தான்.

ஆகவே இயேசுவின் உயிர்த்தெழுதலைத் தனியொருவருக்கு நடந்த அற்புதமாகத் திருச்சபை பார்ப்பதில்லை. ஒரே விளைச்சலின் முதற்குலையாகப் பார்க்கிறது. கல்லறைத் தோட்டத்தில் கிடக்கிறவர்கள் அதே விளைச்சலின் மீதிக் குலைகள். “இது அவருக்க பண்டிகைல்லா” என்று மாமி சொன்னது கிறிஸ்துவைக் குறித்தா மாமாவைக் குறித்தா என்று நான் பிறகு பலமுறை யோசித்ததுண்டு. முதற்பலன் என்ற சொல்லின்படி இரண்டும் ஒன்றுதான்.

அடுத்தது சந்தோஷம் என்ற சொல். பழைய மொழிபெயர்ப்பு ‘சந்தோஷம்’ என்கிறது. 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பு ‘மகிழ்ச்சி’ என்கிறது. இரண்டும் நம் பேச்சில் மனநிலையைக் குறிக்கும் சொற்கள். பரீட்சையில் தேறினால் சந்தோஷம், மாடு கன்று போட்டால் சந்தோஷம். கிரேக்க மூலத்தைச் சற்றுப் புரட்டினால் வேறொன்றும் தெரியவருகிறது. கல்லறையிலிருந்து ஓடிவரும் பெண்களை எதிர்கொண்டு, எழுந்த இயேசு சொல்லும் முதல் வார்த்தை மத்தேயு நற்செய்தியில் ‘கைரெதே’ என்று இருக்கிறது. அது அன்றாடம் ஒருவரையொருவர் காணும்போது சொல்லும் முகமன். தமிழில் ‘வாழ்க’ என்று பெயர்த்திருக்கிறார்கள். அதன் நேர்ப்பொருளோ ‘சந்தோஷமாயிருங்கள்’ என்பது. பவுல் பிலிப்பி சபைக்கு, “கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்” என்று எழுதும் இடத்திலும் இதே சொல்தான்; அந்தக் கடிதத்தை எழுதும்போது அவர் விலங்குகளோடு சிறையில் இருந்தார்.

அதே முகமன் மத்தேயுவில் அதற்கு முன்பு இரண்டு இடங்களில் ஒருமை வடிவத்தில் வருகிறது. காட்டிக்கொடுக்க வந்த யூதாஸ், “ரபீ, வாழ்க” என்று சொல்லி முத்தமிடுகிறான். முள்முடி சூட்டிய ரோமப் படைவீரர்கள், “யூதருடைய ராஜாவே, வாழ்க” என்று முழங்காலிட்டுக் கேலி செய்கிறார்கள். துரோகமும் கேலியும் அழுக்காக்கிவிட்ட அந்தச் சொல்லையே ஞாயிறு காலையில் இயேசு எடுத்துத் துடைத்து அந்தப் பெண்களிடம் திருப்பிக் கொடுக்கிறார். அப்போதும் அவர்கள் பயத்தோடும் மகா சந்தோஷத்தோடும் ஓடினார்கள் என்றே எழுதியிருக்கிறது. பயம் போன பிறகு சந்தோஷம் வந்ததாக மத்தேயு எழுதவில்லை. இரண்டையும் ஒரே மூச்சில் சுமந்துகொண்டு ஓடினார்கள். கிறிஸ்தவச் சந்தோஷத்துக்கு வேதத்திலிருந்து ஒரே ஒரு படத்தை எடுத்துக்காட்டச் சொன்னால் நான் இதைத்தான் காட்டுவேன்.

நம் பேச்சிலுள்ள சந்தோஷத்துக்கும் இதற்கும் உள்ள தூரத்தை இப்போது அளந்துவிடலாம். நம் சந்தோஷம் நமக்கு நேர்ந்ததைப் பொறுத்து ஏறும், இறங்கும். ஈஸ்டர் சந்தோஷம் வேறொருவருக்கு நேர்ந்ததைப் பொறுத்தது. அது ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டதால், இன்றைக்கு எனக்குக் காய்ச்சல் என்பதால் அது நடக்காததாகிவிடாது. நீதிமன்றத்தில் பல ஆண்டு இழுத்த நில வழக்கில் தீர்ப்பு நம் பக்கம் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நிலத்தைக் கையில் வாங்க இன்னும் நாள் இருக்கிறது, எதிராளி இன்னும் வேலியைப் பிடுங்கிக்கொண்டுதான் இருக்கிறான். அந்த இடைக்காலத்தில் நில உரிமையாளன் எப்படி இருப்பான்? வேலியைப் பிடுங்கும்போது கோபப்படுவான், வருத்தப்படுவான். ஆனாலும் இரவில் தூக்கம் வரும். உவமை முழுதாகப் பொருந்தாது என்பது தெரியும்; வேலிச் சண்டை பார்த்து வளர்ந்தவர்களுக்குச் சட்டென்று விளங்கும் என்பதால் சொன்னேன்.

இந்த இடைக்காலத்தை மறந்துவிடுவதால்தான் இரண்டு தவறான போதனைகள் கிளம்புகின்றன. விசுவாசம் சரியாக இருந்தால் கஷ்டமே வராது என்பது ஒன்று. இதற்கு நீண்ட மறுப்புத் தேவையில்லை. “உலகத்தில் உங்களுக்கு உபத்திரவம் உண்டு” என்று சொன்னவர் இயேசுவேதான். மற்றொன்று, உயிர்த்தெழுதலை நம்புகிறவர் அழக்கூடாது என்பது. மாமாவின் அடக்க நாளில், வெளியூரிலிருந்து வந்திருந்த பிரசங்கியார் ஒருவர் மாமியின் அருகில் வந்து, “பரலோகத்தில் இருக்கிறவருக்காக ஏன் கண்ணீர்? நம்பிக்கை இல்லாதவர்கள்தான் அழுவார்கள்” என்று எல்லாரும் கேட்கச் சொன்னார். மாமி சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நல்லெண்ணத்தோடு சொல்லப்பட்ட கொடுமை அது என்று இன்றும் நினைக்கிறேன். பவுல் தெசலோனிக்கே சபைக்கு எழுதியது, நம்பிக்கையற்றவர்களைப்போலத் துக்கப்படாதிருங்கள் என்று. துக்கப்படவே கூடாது என்று அவர் எழுதவில்லை. இயேசுவோ இன்னும் சில நிமிடங்களில் லாசருவை எழுப்பப்போகிறோம் என்று தெரிந்திருந்தும், அவன் கல்லறைக்குப் போகும் வழியில் கண்ணீர் விட்டார். முடிவு தெரிந்தவருக்கே அழுகை வந்ததென்றால் நமக்கு வருவதில் என்ன குற்றம்?

அழுகைக்கு இடம் இருக்கிறது என்பதற்கு இதைவிடப் பெரிய ஆதாரம் எழுந்தவரின் உடலிலேயே இருக்கிறது. சாவை வென்று எழுந்த உடலில் ஆணித் தழும்புகள் அப்படியே இருந்தன. தழும்பில்லாத உடலாக எழுந்திருக்கலாமே என்று சிறுவயதில் ஞாயிறு பள்ளியில் கேட்டேன். அன்று கிடைத்த பதில் நினைவில்லை. இயேசுவின் சீடரான தோமாவின் கதையைப் படிக்கும்போதுதான் ஓரளவு விளங்கியது. காயத்தில் விரலை இட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்று அவர் பிடிவாதம் பிடித்தார். இயேசு அவரைத் திட்டி அனுப்பாமல் கையை நீட்டச் சொன்னார். அந்தத் தோமா கடல் கடந்து மலையாளக் கரைக்கு வந்து ஏழரைப் பள்ளிகளை (ஆலயங்களை) நிறுவினார் என்பது நெடுநாள் வழக்கு. அதில் அரைப்பள்ளி என்று சொல்லப்படுவது தக்கலைக்கு அருகில், திருவிதாங்கோட்டில் இன்றும் இருக்கிறது. தாழ்ந்த கூரையும் கருங்கல் தூண்களுமாய் இருக்கும் அந்தச் சிறிய கோயிலுக்குள் நிற்கும்போதெல்லாம், எங்கள் மண்ணுக்கு இந்தச் செய்தியைக் கொண்டுவந்ததாக நாங்கள் சொல்லிக்கொள்ளும் ஆள் சந்தேகப்பட்டவர், காயத்தைத் தொட்டுப்பார்க்கக் கேட்டவர் என்பது எனக்கு ஆறுதலாக இருக்கும். கத்தோலிக்க ஆலயங்களில், ஈஸ்டருக்கு முந்திய பாஸ்கா இரவில் ஏற்றும் பெரிய மெழுகுதிரியில் ஐந்து சாம்பிராணி மணிகளைச் சிலுவை வடிவில் பதிப்பார்கள். அவை ஐந்து காயங்கள். இருட்டான ஆலயத்துக்குள் முதலில் நுழையும் வெளிச்சமே காயங்களைத் தாங்கிக்கொண்டுதான் நுழைகிறது.

இதுவரை சொன்னது ஒரு வீட்டுத் துக்கம். 2017 நவம்பர் 29, 30 தேதிகளில் ஒக்கி புயல் அடித்தபோது துக்கம் கடற்கரை முழுவதையும் மூடியது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி என்று எல்லையை ஒட்டிக் கிடக்கும் ஊர்களிலிருந்து ஆழ்கடலில் தங்கித் தொழில் செய்யப் போயிருந்தவர்களில் பலர் கரை திரும்பவில்லை. உடல்கூடக் கிடைக்காதவர்கள் அவர்களில் இருந்தார்கள். உடல் கிடைத்தால் குளிப்பாட்டலாம், பெட்டியில் வைக்கலாம், கல்லறைக்கு மெழுகுதிரி கொண்டுபோகலாம். உடல் கிடைக்காத வீட்டில் துக்கம் எங்கே போய் உட்காரும்? மறு ஆண்டு ஏப்ரல் 1-ஆம் தேதி ஈஸ்டர் வந்தது. வெறுமையான கல்லறையைக் கொண்டாடும் பண்டிகையை, கல்லறையே இல்லாத பிள்ளைகளின் தாய்மார்கள் எப்படி எதிர்கொண்டிருப்பார்கள் என்று கரையிலிருந்து சில மைல் உள்ளே இருக்கிற நான் எழுதுவது சரியாக இராது. வேதத்தில் அவர்களுக்கென்றே எழுதியதுபோல ஒரு வாக்கியம் இருப்பதை மட்டும் சொல்கிறேன். வெளிப்படுத்தின விசேஷத்தின் 20-ஆம் அதிகாரத்தில், “சமுத்திரம் தன்னிலுள்ள மரித்தோரை ஒப்புவித்தது” என்று வருகிறது. கடல் எடுத்துக்கொண்டவர்களைக் கணக்கு வைத்திருக்கிறது, ஒரு நாள் ஒவ்வொருவராகத் திருப்பித் தரும் என்ற பொருளில் அதைப் படிக்கலாம். உடலோடு எழுதல் என்று தொடக்கத்தில் வற்புறுத்தியதன் அருமை இந்த இடத்தில்தான் தெரிகிறது. ஆன்மா எங்கோ இளைப்பாறுகிறது என்று மட்டும் சொன்னால், மகனின் உடலைத் தேடிக் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கும் தாய்க்கு அது பாதிப் பதில்தான்.

எங்கள் மாவட்டத்தில் இதே பாடத்தை வேறு வழியில் கற்ற ஒருவரும் உண்டு. நட்டாலத்தில் 1712-இல் பிறந்து, பத்மநாபபுரம் அரண்மனையில் மார்த்தாண்ட வர்மாவிடம் பணிபுரிந்த நீலகண்ட பிள்ளைக்கு அடுத்தடுத்துப் பொருள் இழப்புகள் வந்தன. 1741-இல் குளச்சல் போரில் தோற்றுப் பிடிபட்டு, பிறகு அதே அரசரின் படைக்குப் பயிற்சி கொடுத்த டச்சுப் படைத்தலைவர் டிலனாய், மனம் நொந்திருந்த அவருக்கு வேதத்தில் வரும் யோபுவின் கதையைச் சொன்னதாக வரலாறு எழுதியவர்கள் கூறுகிறார்கள். சொத்து, பிள்ளைகள், உடல்நலம் எல்லாம் போய்ச் சாம்பலில் உட்கார்ந்திருந்த யோபு, “என் மீட்பர் உயிரோடிருக்கிறார்” என்று சொன்ன இடம் அந்தக் கதையின் உச்சம். கெட்டது எதுவும் அப்போது சரியாகியிருக்கவில்லை, புண்ணும் ஆறியிருக்கவில்லை. நீலகண்ட பிள்ளை 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். அவருக்கு வைத்த பெயர் லாசரு. அதைத் தமிழில் தேவசகாயம் என்றார்கள். கல்லறையிலிருந்து கூப்பிடப்பட்டவனின் பெயர்! அதற்குப் பிறகு அவருடைய துன்பங்கள் கூடினவே தவிரக் குறையவில்லை. எருமைமேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். 1752 ஜனவரி 14-இல் ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் அவருடைய கல்லறை இருக்கிறது; 2022 மே 15-இல் ரோமில் புனிதராக அறிவிக்கப்பட்டார். துன்பம் விலகினால் விசுவாசிப்பேன் என்று பேரம் பேசியிருந்தால் அவர் அரண்மனை வேலையிலேயே காலம் கழித்திருக்கலாம்.

இத்தனையும் கேட்ட பிறகும், “எனக்கு அப்படி எந்தச் சந்தோஷமும் தோன்றவில்லையே” என்று ஒருவர் சொல்லக்கூடும். அவரையும் நற்செய்தி நூல்கள் விட்டுவிடவில்லை. மாற்கு எழுதியதில், கல்லறையை விட்டு ஓடிய பெண்கள் நடுங்கிப்போய் யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் இருந்தார்கள். எம்மாவு என்ற ஊருக்கு நடந்துபோன இரண்டு சீடர்கள், இஸ்ரவேலை மீட்பவர் அவரே என்று ‘நம்பியிருந்தோம்’ என்று இறந்தகாலத்தில் பேசினார்கள். எழுந்தவரிடமே, அவர் இன்னார் என்று தெரியாமல், அவருடைய சாவைப் பற்றிச் சொல்லி வருந்தினார்கள். அவர் கூடவே நடந்தார், அவர்கள் சொன்னதை முழுக்கக் கேட்டார். வீட்டில் அப்பத்தைப் பிட்டபோதுதான் அவர்கள் கண் திறந்தது. உயிர்த்தெழுந்த அன்றே அவருக்கு மிக அருகில் நடந்தவர்களுக்கே மாலைவரை அது தெரியவில்லை. ஆகவே சந்தோஷம் தோன்றாததை விசுவாசக் குறைவு என்று யாரும் கணக்கு எழுத வேண்டாம். மாதக்கணக்கில் தூக்கமும் பசியும் இல்லாமல் ஒருவர் முடங்கிக் கிடந்தால் அவரை மனநல மருத்துவரிடம் அழைத்துப் போவதுதான் உடன் நடப்பது. அதை ஜெபத்துக்கு எதிரானதாக நினைக்கிறவர்கள் எங்கள் பக்கத்தில் இன்னும் இருக்கிறார்கள்.

திருச்சபை நாட்காட்டியும் ஒரே நாளில் சிரிக்கும்படி யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. ஞாயிறுகளைத் தள்ளிவிட்டுக் கணக்கிட்டால் லெந்து காலம் நாற்பது நாள். ஈஸ்டரிலிருந்து பெந்தெகொஸ்தே வரையிலான உயிர்த்தெழுதலின் காலம் ஐம்பது நாள். துக்கத்துக்குக் கொடுத்ததைவிடப் பத்து நாள் அதிகம். அவ்வளவு பெரிய செய்தியை ஒரு நாளில் உள்வாங்க முடியாது என்று முன்னோருக்குத் தெரிந்திருக்கிறது. அது போதாதென்று வாரந்தோறும் ஞாயிறு வருகிறது. நாம் விடுமுறை நாள் என்று மட்டும் நினைக்கிற அந்த நாளில் ஆதித் திருச்சபை கூடியது கிறிஸ்து எழுந்த நாள் அது என்பதற்காகத்தான்.

அந்த ஆண்டு ஈஸ்டர் அதிகாலை ஆராதனைக்கு மாமி வந்தார். நான்கு மணிக்கே பாடகர் குழு எழுப்பிவிட்டிருந்தது. “கர்த்தர் உயிர்த்தெழுந்தார்” என்று போதகர் சொல்ல, “மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்” என்று சபை மறுமொழி சொன்னபோது மாமியின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. பக்கத்தில் நின்ற நாங்கள் அவருக்கும் சேர்த்துச் சொன்னோம். சபையாகக் கூடி நிற்பதன் பயன் அதுதான் என்று நினைக்கிறேன்: ஒருவர் தொண்டை அடைத்துக்கொள்ளும் ஆண்டில் மற்றவர்கள் சொல்லலாம். திரும்பும் வழியில் கல்லறைத் தோட்டத்தில், இன்னும் சிமெண்டு பூசாத மண்மேட்டின்மேல் ஒரு மெழுகுதிரியை வைத்துவிட்டு வந்தோம். வீட்டுக்கு வந்ததும் ஆப்பமும் கோழிக்கறியும் பக்கத்து வீட்டுப் பாட்டிக்குத்தான் முதலில் போயின. பாட்டி வாங்கிக்கொண்டு, “மாவு நல்லா பொங்கியிருக்கு மக்களே” என்று மட்டும் சொன்னார்.

மாமா நட்ட வாழைகளை மாமியும் மகனும் முட்டுக் கொடுத்துக் காப்பாற்றினார்கள். ஆவணியில், ஓணத்துக்கு இரண்டு வாரம் முன்பு, முதற்குலையை வெட்டி அறுப்பின் பண்டிகைக்குக் கொண்டுபோனார்கள். ஏலத்தில் அதைக் கடைசிவரை விடாமல் கேட்டு எடுத்தவர் அந்தப் பாட்டியின் மகன். ஓணத்துக்கு உப்பேரி (வாழைக்காய் வறுவல்) வறுக்க ஆகும் என்றார்.